பதினேழாம் கிணறும் ஜொமார்த்தின் குதிரையும்

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. கம்ஷாத்தின் கன்னத்தில் பட்டது, வண்டிக் கதவை ஆட்டியது, எதிரே அசை போட்டபடி நின்ற ஒட்டகங்களின் கழுத்து மயிரைக் கலைத்தது. அவளுடைய லேசருக்கு மட்டும் அது தெரியவில்லை. திரையில் காற்றின் வேகம் வரவேண்டிய கட்டம் காலையிலிருந்து காலியாகவே கிடந்தது.

மணி பன்னிரண்டரை. ஐந்து மணியோடு அளக்கும் அனுமதி முடிகிறது.

கம்ஷாத் அல்மாத்தி நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற இயற்பியல்காரி. நாற்பத்திரண்டு வயது. பிறந்தது இதே மாங்கிஸ்தாவ் மண்ணில், குதிரை வைத்திருந்த வீட்டில். அவள் கொண்டுவந்திருந்த வண்டியில் இரண்டு லேசர்கள். முதலாவது வாயுவுக்கு. அதன் ஒளி சமவெளியைக் கடந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். வழியில் மீத்தேன் இருந்தால் அது ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியதோ, அவ்வளவு வாயு. இந்த லேசர் காலையிலிருந்து சமர்த்தாக வேலை செய்தது. இரண்டாவது காற்றுக்கு. அதற்குப் பாறை வேண்டாம், காற்றில் மிதக்கும் தூசி வேண்டும். தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் ஒரு மயிரிழை மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்துத் தூசி எவ்வளவு வேகமாகப் போகிறது, அதாவது காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

தூசி இருந்தால்தானே. நான்கு நாள் முன்பு ஒரு மழை பெய்து வானத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. பின்னாலேயே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து மிச்சம் மீதியையும் துடைத்துவிட்டது. களிமண் தரை காய்ந்து வெடித்துவிட்டது, ஆனாலும் இந்த மெல்லிய காற்றுக்கு அதிலிருந்து ஒரு துகளைக்கூடக் கிளப்பத் தெம்பில்லை. பாறையின் விரிசல்களை இங்கிருந்தே எண்ணலாம். புகைப்படம் எடுக்க வந்தவனாக இருந்தால் கொண்டாடியிருப்பான். கம்ஷாத்துக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எதிரே இருக்கும் பதினேழாம் எண் எரிவாயுக் கிணற்றின் மேல் எவ்வளவு வாயு நிற்கிறது என்று தெரிந்து என்ன பயன்? அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்தால்தான் மணிக்கு இத்தனை கிலோ கசிகிறது என்று சொல்ல முடியும். அந்த ஒற்றை எண்ணுக்காகத்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்திருக்கிறாள்.

"என்னக்கா, காத்து வந்துச்சா?" என்று ஜீப்பிலிருந்து ஜொமார்த் கேட்டான். கிணற்றுக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் பொறியாளன், முப்பத்தைந்து வயது. சாட்சியாக உட்கார வந்தவன், பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை வெளியே நீட்டி, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"வரும்."

"என் மூஞ்சில நல்லாத்தான் அடிக்குது. வேணும்னா அத எழுதிக்கோங்க."

"உங்க கம்பெனிக் காத்த ஒரு தடவ எழுதிக்கிட்டுப் பட்டது போதும்," என்றாள் கம்ஷாத்.

அது போன வருடக் கதை. அப்போது அவளிடம் காற்று லேசர் இல்லை. கம்பெனியே பெரிய மனது பண்ணித் தன் காற்றளக்கும் கம்பத்தில் பதிவான வேகத்தைக் கொடுத்தது. அவளும் நம்பி வாங்கிக் கணக்குப் போட்டு, கிணறுகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் முன் வைத்தாள். கம்பெனியின் பெரியவர் எழுந்து நின்று, அந்தக் கம்பம் நான்கு மீட்டர் உயரம்தான், கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது, இந்தக் காரியத்துக்கு லாயக்கில்லை என்று நிதானமாகச் சொன்னார். தாங்கள் கொடுத்ததையே தாங்களே லாயக்கில்லை என்றார்கள். அறிக்கை குப்பைக்குப் போயிற்று. அன்று பெரியவரின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றவன் இந்த ஜொமார்த்.

அதற்குப் பிறகு ஆணையம் ஒரு விதி போட்டது. காற்றை அந்த இடத்திலேயே, வாயு மிதக்கும் உயரத்திலேயே அளக்க வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாக அளக்க வேண்டும். நடுவில் பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. கம்பெனியின் சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி அளந்து மணிக்கு நூறு கிலோவைத் தாண்டினால் பதினேழாம் கிணற்றை ஆறு வாரத்துக்குள் அடைத்தாக வேண்டும். இன்று அளக்க முடியாமல் போனால் அடுத்த வாய்ப்பு மே மாதம்.

இன்றைக்கும் மே மாதத்துக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் கிடக்கிறது. கிணற்றிலிருந்து தொள்ளாயிரம் மீட்டரில், மேட்டைக் குடைந்து கட்டிய, குதிரை மேய்க்கும் சகிந்திக்கின் குளிர்கால வீடும் கிடக்கிறது.

பழைய கிணற்றின் வாயு மேலே மட்டும் கசியவில்லை, மண்ணின் வெடிப்புகள் வழியாகவும் ஊர்ந்து வந்து அந்த வீட்டின் கூரைக்கடியில் தேங்கியது. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. போன ஜனவரியில் ஒரு விடியற்காலை, சகிந்திக்கின் மனைவி உம்சின் அடுப்பு மூட்டத் தீக்குச்சியைக் கிழித்தாள். நெருப்பு கூரை முழுக்க ஒரு முறை ஓடிப்போய் வந்தது. மூலையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகள் செத்தன. அவளுடைய வலது கை வெந்துபோயிற்று. ஒன்பது மாதமாகியும் அந்த விரல்கள் மடங்குவதில்லை. கம்பெனி, அது அடுப்பின் கோளாறு என்று எழுதி அனுப்பியது.

முந்தின இரவு கம்ஷாத் அந்த வீட்டில்தான் படுத்தாள். காலையில் உம்சின் எல்லாரையும் வெளியே துரத்திவிட்டு, இரண்டு கதவுகளையும் ஜன்னலையும் திறந்துபோட்டு, குளிரில் நின்றபடி இருநூறு வரை எண்ணினாள். பிறகு ஒரு நீளக் கம்பின் நுனியில் தீக்குச்சியைச் செருகிப் பற்றவைத்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு கம்பை மட்டும் உள்ளே நீட்டினாள். தினமும் இப்படித்தானா என்று கம்ஷாத் கேட்டதற்கு, "இது அக்டோபர். ஜனவரில கதவத் திறந்து வச்சு இருநூறு எண்ணிப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு, எண் இல்லாமல் இந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று கம்ஷாத் முடிவு செய்துவிட்டாள்.

"தூசிதான் வேணும்னா கிளப்புவோம்," என்றார் பெகென். அவளுடைய ஓட்டுநர், கருவி மெக்கானிக், புலம்பல் மன்னர், எல்லாம் அவரே. லேசர் ஏறிய வண்டியை நகர்த்த முடியாது. ஆகவே சகிந்திக்கின் பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்சௌல் புதர்க்கட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குக் காற்று வரும் பக்கம், கம்பெனியின் பாதுகாப்பு வேலிக்கு வெளியே, காய்ந்த களிமண் தரையில் வட்டமடித்தார்.

தூசி எழும்பியது. ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். வெயிலில் சூடாகியிருந்த தரை அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளியது. திரையில் சட்டென்று ஓர் எண் வந்தது: வினாடிக்கு நான்கு மீட்டர். இன்னொன்று வந்தது. பிறகு கட்டம் காலி. பெகென் ஐந்தாவது சுற்றில் செயின் அறுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு, எல்லாரையும் திட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ரெண்டு சக்கரம் பத்தாது," என்றாள் கம்ஷாத். அவள் கண் பள்ளத்துப் பக்கம் போயிற்று. அங்கே சகிந்திக்கின் குதிரைகள் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. "தொண்ணூறு நூறு கால் இருந்தா ஆகும்."

பக்கத்தில் நின்ற சகிந்திக்கின் முகம் மாறியது. ஐம்பத்தாறு வயது, அதிகம் பேசாத மனிதர்.

"அல்மாத்தி போயி நீ ரொம்பக் கெட்டுப்போயிட்டம்மா," என்றார். "இது அக்டோபரு."

"தெரியும்ணே."

"உங்கப்பாவும் குதிர வச்சிருந்தவர்தான?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அவள் கேட்டது சின்ன விஷயம் இல்லை. முதல் கடும்பனி இறங்கியதும் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காலத்துக்காக ஒரு குதிரையை அறுப்பார்கள். அதற்கான குதிரையைச் செப்டம்பரிலேயே வந்து பார்த்து, அதன் முதுகில் கை வைத்து, இது எனக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லோடு குதிரை அவர்களுடையதாகிவிடும். மேய்ப்பவனுக்கு அதைக் கொழுக்க வைக்கிற வேலை மட்டும்தான் பாக்கி. அதன் மேல் ஏறுவதில்லை, விரட்டுவதில்லை, பக்கத்தில் நின்று உரக்கப் பேசுவதுகூட இல்லை. விலாவில் ஏறும் கொழுப்பை விரல் கணக்கில் அளப்பார்கள். அது மூன்று விரலா நான்கு விரலா என்பதில்தான் மேய்ப்பவனின் மானம் இருக்கிறது. அந்தக் குதிரைகளைத்தான் இரண்டு மணி நேரம் விரட்டச் சொல்கிறாள்.

"சினைக் குதிரைய விடமாட்டேன். அத விட்டா இருபத்து மூணு தேறும். அதுல பன்னெண்டு சொல்லி வச்சது," என்றார் சகிந்திக். "முன்னால போற குதிர தோரி. அது ஓடாம ஒண்ணும் ஓடாது. தோரி என்னோடதில்ல."

"யாரோடது?"

சகிந்திக் தாடையால் ஜீப்பைக் காட்டினார்.

கம்ஷாத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தச் சமவெளியில் இருக்கிற அத்தனை குதிரையிலும் முன்னால் ஓடுகிற செந்நிறக் குதிரையைப் பார்த்துக் கை வைத்தவன் ஜொமார்த்.

சகிந்திக் நேரே போய் முறையாகவே கேட்டார். ஜொமார்த் விதை கொறிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டான்.

"நாலு விரல் கொழுப்பு நிக்கும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப என் குதிரைய ஓட்டி, என் கொழுப்பக் கரைச்சு, என் கம்பெனி தலையிலயே கல்லப் போடணும். அதுக்கு நானே சரின்னு சொல்லணும். ரொம்ப நல்லாருக்கு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"சரி, ஜீப்பயாவது குடு," என்றாள் கம்ஷாத்.

"நான் சாட்சி சொல்ல வந்தவன்க்கா. தூசி கிளப்ப வந்தவன் இல்ல."

நியாயம்தான். அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். மணி இரண்டே கால் ஆயிற்று.

அப்போது உம்சின் வந்தாள். ஒரு கையில் தேநீர்ப் பாத்திரம், வலது முழங்கை மடிப்பில் பவுர்சாக் பொட்டலம். பொரித்த மாவு வாசனை அந்த இக்கட்டிலும் எல்லாருக்கும் பசியைக் கிளப்பியது. கிண்ணத்தில் தேநீரை இடது கையால் ஊற்றி, இடது கையாலேயே முதலில் ஜொமார்த்துக்கு நீட்டினாள்.

"குடி தம்பி. ஆறிடும்."

அவன் வாங்கிக்கொண்டான். அவளுடைய வலது கையைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பாறையைப் பார்த்தான்.

உம்சின் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன யோசன?"

"சொல்லி வச்ச குதிர. வார்த்த குடுத்திருக்கேன்."

"குடுத்த வார்த்தையக் காப்பாத்த வீட்டுல ஆளு உசுரோட இருக்கணும்ல?" என்றாள் உம்சின். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த கிண்ணத்தில் ஊற்றப் போய்விட்டாள்.

சகிந்திக் தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையில் தொப்பி பதிந்த கோடு தெரிந்தது.

"தம்பி, தோரிய உனக்குன்னு சொன்ன வார்த்தைய நான் திருப்பி வாங்கிக்கிறேன். இவங்கள்லாம் சாட்சி. மத்த பதினோரு வீட்டுக்கும் நானே நேர்ல போயி சொல்லிக்கிறேன். இந்த வருஷம் என்கிட்ட அறுக்கக் குதிர இல்ல."

ஜொமார்த்தின் வாயில் விதை அப்படியே நின்றது. "அண்ணே, வெளையாடாதீங்க. இது வெளிய தெரிஞ்சா..."

"தெரியட்டும். நீயே சொல்லு."

கம்ஷாத்தின் அப்பா வார்த்தையைத் திருப்பி வாங்குவதற்குப் பதில் நாக்கை அறுத்துக்கொண்டிருப்பார். குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டு விருந்திலும் இந்த மனிதரின் பேர் அடிபடும். சகிந்திக்கா, சொன்ன குதிரையை விரட்டியவன்தானே என்று எலும்பைக் கடித்துக்கொண்டே பேசுவார்கள். வேண்டாம் அண்ணே, விடுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வண்டிக்குள் ஏறி லேசரைக் கிணற்றுக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, "ரெண்டு அம்பதுக்குள்ள ஆரம்பிக்கணும்ணே" என்றாள்.

உம்சின் சினைக் குதிரைகளைப் பள்ளத்திலேயே மடக்கி நிறுத்திக்கொண்டாள். சகிந்திக் தன் சவாரிக் குதிரையில் ஒரு பக்கம், செயினை முடிச்சுப் போட்டுச் சரிசெய்த மோட்டார் சைக்கிளில் பெகென் மறுபக்கம். தோரி முதலில் நம்பவில்லை. இரண்டு மாதம் ராஜ உபசாரம் பார்த்த குதிரை. சகிந்திக் சாட்டையைச் சுழற்றியதும் காதை விறைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு பறந்தது. பின்னாலேயே இருபத்திரண்டும்.

தரை அதிர்ந்தது. வெடித்த களிமண் மாவாகி, சுவர் போல எழுந்து, கிணற்றின் மேலே மெதுவாகச் சாய்ந்தது. திரையில் எண்கள் வரத் தொடங்கின. நான்கு. நாலரை. நான்கு புள்ளி இரண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக, நிற்காமல். கம்ஷாத் கடிகாரத்தை ஓடவிட்டாள். மணி இரண்டு நாற்பத்தெட்டு.

ஒரு கோடிக்குப் போய், திரும்பி, மறு கோடிக்கு வந்து, மறுபடி திரும்பி. ஒவ்வொரு திருப்பத்திலும் தூசி சற்று மெலியும், மறுபடி அடர்ந்து வரும். ஜொமார்த் விதைப் பொட்டலத்தை மறந்துவிட்டு ஜீப்பின் முன்பக்கத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தான். அவன் எண்ணைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றே முக்கால் மணிக்குக் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது மேற்கிலிருந்து வரத் தொடங்க, தூசிச் சுவர் கிணற்றை விட்டு விலகிப் போயிற்று. கட்டம் காலி. கம்ஷாத் வண்டியின் கூரை மேல் ஏறி, மேல்சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினாள். அறுநூறு மீட்டர் தள்ளித் தூசிக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு நிமிடம் போயிற்று. மூன்று. ஐந்து. பத்தைத் தொட்டால் எல்லாம் போச்சு. அவள் வீசிக்கொண்டே இருந்தாள். கீழே குனிந்து திரையைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

வீசியிருக்கவே வேண்டாம். தான் கிளப்பிய தூசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க சகிந்திக்குக் கண் இருந்தது. அவர் ஏற்கெனவே தோரியை மேற்கே திருப்பிவிட்டிருந்தார். தூசி வந்து சேர வேண்டிய நேரம்தான் பாக்கி. எட்டு நிமிடம் நாற்பது வினாடியில் திரையில் மறுபடி ஓர் எண் விழுந்தது. கம்ஷாத் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்கு மேல் குதிரைகள் வாயில் நுரை தள்ளின. நாலே கால் ஆனபோது மூன்று விலகிப் போய் நின்றுவிட்டன. நாலு இருபத்தைந்துக்குத் தோரியின் நடை குலைந்தது. விலா துருத்தி போல அடித்துக்கொண்டது. சகிந்திக் சாட்டையை ஓங்கினார், இறக்கினார். அடிக்க மனம் வரவில்லை. இன்னும் இருபத்து மூன்று நிமிடம் வேண்டும்.

"நிறுத்துங்கண்ணே, செத்துரும்," என்று ஜொமார்த் கத்தினான். அந்தத் தூரத்துக்குக் கேட்காது. அவன் கீழே குதித்து, பூட்ஸ்கூடப் போடாமல் ஜீப்பைக் கிளப்பினான். "நான் இன்னும் வார்த்தையத் திருப்பிக் குடுக்கல. அது என் குதிர," என்று கம்ஷாத்தைப் பார்த்து ஜன்னல் வழியாக உறுமிவிட்டுப் பறந்தான்.

போச்சு, கெடுத்துவிட்டான் என்றுதான் கம்ஷாத் நினைத்தாள். ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டே போய்க் குதிரைகளுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தது. தோரி நின்றது. அதைப் பார்த்து மற்றவையும் நின்றன. சகிந்திக் கீழே இறங்கித் தோரியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஜீப் நிற்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகக் குளம்புகள் அரைத்துப் போட்ட மாவு மண்ணில் அது ஒரு பெரிய வட்டம் அடித்தது. இதுவரை எழாத உயரத்துக்குத் தூசி எழுந்தது. திரையில் எண்கள் பளிச்சென்று விழுந்தன. மறுபடியும் ஒரு வட்டம். குதிரைகளை நிறுத்த முதல் சுற்றே போதும். மிச்சமிருந்த இருபது நிமிடமும் அந்த ஜீப் எதற்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, பிறகும் யாரும் கேட்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜீப் வந்து நின்றது. புருவம், மீசை, மூக்குத்துளை எல்லாம் வெள்ளை. "பிரேக் புடிக்கல," என்றான் ஜொமார்த் யாரையும் பார்க்காமல். பெகென் வாயைத் திறக்கப் போனார். கம்ஷாத் அவர் காலை மிதித்தாள்.

கணக்கு வர இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று. மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.

ஜொமார்த் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தான். பொறியாளன் அல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான். "இருபத்து மூணு குதிர ஓடிருக்கு. அது விட்ட காத்தும் இதுலதான இருக்கும்? நாளைக்கு எங்க பெரியவர் அதத்தான் முதல்ல கேப்பாரு."

"கிணத்துக்கு முன்னால ஒரு கோடு, பின்னால ஒரு கோடு, ரெண்டுலயும் அளந்திருக்கேன். முன்னால வந்தத பின்னால போனதுலருந்து கழிச்சாச்சு. குதிர விட்டது, ஒட்டகம் விட்டது, நீ விட்டது எல்லாம் கழிஞ்சு போச்சு. இது கிணறு விட்டது மட்டும்."

பெகென் இந்த முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஜொமார்த் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சாட்சியின் குறிப்பு என்ற இடத்தில் சற்று யோசித்து, 'காற்று இருந்தது' என்று எழுதினான்.

ஆணையத்தில் பெரியவர் எழுந்து குதிரையைப் பற்றிப் பேசத்தான் செய்தார். பாச்சா பலிக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஆட்கள் வந்து பதினேழாம் கிணற்றில் சிமெண்ட் இறக்கி அடைத்தார்கள். ஜொமார்த்தை எங்கோ தூரத்து உப்புத்தரைக் கிணற்றுக்கு மாற்றினார்கள்.

சகிந்திக் பதினோரு வீட்டுக்கும் போனார். எட்டுப் பேர், கிடைத்தவரை போதும் என்று குதிரையை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் தேநீர்கூடக் கொடுக்காமல், சொன்னதைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் அவர் குதிரையிலிருந்து இறங்குவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. உம்சின்தான் சொன்னாள்.

டிசம்பர் நடுவில் கம்ஷாத் மறுபடி வந்தாள், அடைத்தது சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க. பனித்தூள் பறந்துகொண்டிருந்ததால் காற்று லேசருக்கு அன்று விருந்து. கிணற்றுக்கு முன்னால் ஓர் எண், பின்னால் அதே எண். மூன்று தடவை அளந்தாள், மூன்று தடவையும் அதே. சந்தோஷமாக இருந்தது.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. கம்பெனியுடையது இல்லை, ஏதோ ஓட்டை ஜீப். ஜொமார்த் விடுமுறையில் வந்திருந்தான். தோரியை அவன் விட்டுக்கொடுக்கவில்லை, இளைத்தபடியே ஓட்டிக்கொண்டு போய் அறுத்துவிட்டான். அதன் விலா இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்த காஸி இரண்டு முழத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"எத்தன விரல்?" என்று கேட்டாள் கம்ஷாத்.

அவன் ஒரு விரலைக் காட்டி, அதையும் பாதி மடக்கினான். "எங்கம்மா இன்னும் என்கூடப் பேசல," என்றான். சகிந்திக் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அவர் சிரித்து அப்போதுதான் கம்ஷாத் பார்த்தாள்.

உம்சின் எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு இரண்டு கதவையும் திறந்து போட்டிருந்தாள். பனி வீட்டுக்குள் போய்க் கம்பளத்தில் விழுந்துகொண்டிருந்தது. கம்பும் தீப்பெட்டியுமாக நின்று எண்ண ஆரம்பித்தாள்.

"எண்ண வேணாம் அண்ணி," என்றாள் கம்ஷாத். "கதவச் சாத்திட்டே பத்த வைக்கலாம்."

உம்சின் எண்ணுவதை நிறுத்தவில்லை. நாற்பதில் நின்றாள். "மணமில்லாத சனியன். உனக்கெப்படித் தெரியும்?"

"அளந்துட்டேன். போன தடவ கூரைல நான் கட்டிட்டுப் போனேனே, வாயு வந்தா கத்துற பொட்டி, அது கத்துச்சா?"

"முன்னால கத்துச்சு. இப்ப இருபது நாளாக் கத்தல. தூங்குதோ என்னமோ."

"தூங்கல. காலைல வந்ததும் சோதிச்சுட்டேன். வாயு இல்ல அண்ணி."

"நீ உள்ள நிப்பியா?"

"நிக்கிறேன்."

கம்ஷாத் உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். சகிந்திக் வந்து நின்றார். ஜொமார்த் வாசலிலேயே தயங்கினான். அடுப்பின் கோளாறு என்று எழுதிய கடிதத்தில் அவனுடைய கையெழுத்தும் இருந்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"நீயும் வா," என்றாள் உம்சின். "வந்து கதவச் சாத்து."

அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பின் கதவைச் சாத்தினான், ஜன்னலைச் சாத்தினான், முன் கதவையும் சாத்தித் தாழ் போட்டான். பிறகு அவனும் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

உம்சின் கம்பை மூலையில் சாத்தி வைத்தாள். தீக்குச்சியை இடது கையில் எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை வலது கைக்கு மாற்றி, மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. முதல் தடவை உரசியபோது பற்றவில்லை. இரண்டாவது தடவை பற்றியது.

நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். தீக்குச்சி மட்டும்தான் எரிந்தது.

விரலைச் சுடும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உம்சின் இன்னொரு குச்சியை எடுத்து அடுப்பை மூட்டினாள்.